ஜனவரி மாதத்தில் ஜன்னல் நிறைய ஈ: எங்கிருந்து வருகிறது, என்ன செய்யலாம்?

ஜனவரி மாதம். வெளியே மைனஸ் 8 டிகிரி, புல்வெளி தெரியாத அளவுக்குப் பனி. மாடிப் படுக்கையறையின் தெற்கு ஜன்னலில் பதினொரு மணி வெயில் விழுந்ததும் கண்ணாடியில் நான்கைந்து ஈக்கள் தென்படும். மத்தியானத்துக்குள் பதினைந்தாகும். சாதாரண ஈக்கு உள்ள சுறுசுறுப்பு இவற்றிடம் இருக்காது. கண்ணாடியில் தள்ளாடி ஏறும், பொத்தென்று விழும், ஜன்னல் திண்டில் மல்லாந்து கிடந்து ரீங்கரித்தபடி வட்டமடிக்கும். வெயில் இறங்கினால் பாதி செத்துக் கிடக்கும், மீதியைக் காணோம்.

கனடாவில் டொரன்டோ, ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீடு வாங்கிக் குடிவந்த நம்மவர்கள் இதைக் கண்டதும் முதலில் குப்பைத் தொட்டியைத்தான் திறந்து பார்ப்பார்கள். அடுத்து சிங்க்கின் அடி, அதற்கடுத்து ஃபிரிட்ஜின் பின்புறம். ஊரில் ஈ என்றால் சாக்கடை, மாட்டுத் தொழுவம், மாம்பழக் காலம் என்று பழகிய மனது வேறெப்படி யோசிக்கும்? வீட்டுக்கு வந்த விருந்தாளி பார்த்துவிட்டால் மானம் போகிறது என்ற கவலை வேறு. ஆனால் இந்த ஈக்கும் வீட்டின் சுத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது உங்கள் வீட்டில் பிறக்கவில்லை, உங்கள் சாப்பாட்டைத் தேடியும் வரவில்லை. போன செப்டம்பரில் சுவர் இடுக்கு வழியாக உள்ளே வந்து படுத்தது, இன்று வெயில் பட்டு விழித்துவிட்டது. அவ்வளவுதான்.

இதற்கு ஆங்கிலத்தில் கிளஸ்டர் ஃப்ளை என்று பெயர். கொத்துக் கொத்தாக அடைவதால் இங்கே கொத்து ஈ என்றே வைத்துக்கொள்வோம். அறிவியலில் இதன் பேரினம் பொலேனியா. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்து நிலைத்தது. இன்று அங்கே 6 இனங்கள் இருப்பதாகப் பூச்சியியலாளர்கள் பிரித்திருக்கிறார்கள். வெறும் கண்ணால் அவற்றைப் பிரித்தறிய முடியாது, வீட்டுக்காரருக்கு அந்தப் பிரிவு தேவையும் இல்லை.

அது தானா என்று எப்படி உறுதி செய்வது

ஜன்னலில் ஊர்வதை ஒரு கண்ணாடி டம்ளரால் மூடுங்கள். கைபேசியின் விளக்கை அடித்து, தலைக்குப் பின்னால் உள்ள முதுகுப் பகுதியைப் பாருங்கள். கறுப்புச் சாம்பல் முதுகில் சுருள் சுருளாக, பொன் மஞ்சள் நிற மென்முடி தெரிந்தால் அது கொத்து ஈதான். நீளம் 8 முதல் 10 மில்லிமீட்டர், வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரியது. உட்காரும்போது இறக்கை இரண்டையும் கத்தரிக்கோலை மூடிய மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொள்ளும். வீட்டு ஈயின் இறக்கை விரிந்தபடி நிற்கும். செத்து நாளான ஈயில் முடி உதிர்ந்திருக்கலாம், அதனால் உயிருள்ளதைப் பாருங்கள்.

இதைச் சுவரில் வைத்து அடிக்காதீர்கள். குளிர்காலம் முழுதும் சாப்பிடாமல் இருப்பதற்காக இலையுதிர் காலத்தில் உடம்பு நிறையக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கும். நசுக்கினால் வெள்ளைப் பெயின்டிலும் திரைச்சீலையிலும் எண்ணெய்க் கறை படியும், சுலபத்தில் போகாது.

முதுகில் பொன்முடி இல்லாமல் உடம்பு முழுக்கப் பச்சையாகவோ நீலமாகவோ பளபளத்தால் கதை வேறாக இருக்கலாம். நடுக் குளிர்காலத்தில் அப்படிப்பட்ட ஈக்கள் திடீரென்று இருபது முப்பது கிளம்பினால், சுவருக்குள்ளோ, கூரைக்கடியில் உள்ள பரணான அட்டிக்கிலோ எலியோ அணிலோ செத்துக் கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எலிக்கு நஞ்சு வைத்த வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பூந்தொட்டி மண்ணைச் சுற்றிப் பறக்கும் கொசு மாதிரியான பொடி ஈ, குளியலறை வடிகாலில் உட்காரும் முடி அடர்ந்த குட்டி ஈ ஆகிய இரண்டும் வீட்டுக்குள்ளேயே பெருகுபவை. முதலாவதற்குத் தண்ணீரைக் குறைத்து மண்ணைக் காயவிட வேண்டும், இரண்டாவதற்கு வடிகாலின் உட்புறப் பாசியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மண்புழுவிலிருந்து மாடி ஜன்னல் வரை

கொத்து ஈயின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் எந்த மாதத்தில் என்ன வேலை என்பது தானாக விளங்கும். வசந்த காலத்தில் வெளியேறும் பெண் ஈ புல்வெளி மண்ணின் வெடிப்புகளில் முட்டையிடும். மூன்று நாளில் பொரிக்கும் புழு, மண்ணில் நெளிந்து சென்று ஒரு மண்புழுவைத் தேடிப்பிடித்து அதன் உடலுக்குள் புகுந்து உள்ளிருந்தே தின்று வளரும். பிறகு மண்ணில் கூட்டுப்புழுவாகி ஈயாக வெளிவரும். கோடையில் முட்டையிலிருந்து ஈ வரை நான்கைந்து வாரம் போதும். ஒரு கோடைக்குள் மூன்று நான்கு தலைமுறை ஆகிவிடும். வளர்ந்த ஈக்கு உணவு பூந்தேனும் மரச்சாறும் கனிந்து விழுந்த பழமும். டொரன்டோ இருக்கும் தெற்கு ஒன்டாரியோவின் மண்புழுக்களில் பெரும்பாலானவையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவைதான். பழைய பனியூழி அங்கே மண்புழுவை விட்டுவைக்கவில்லை. ஆக, விருந்தாளியும் விருந்தும் ஒரே ஊர்க்காரர்கள்.

இதைப் படித்ததும் புல்வெளிக்கு மருந்தடித்து மண்புழுவைக் கொன்றுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மண் கெடும், புல் கெடும், ஈயும் குறையாது. பக்கத்துப் பூங்காவிலும் அடுத்த தெருவிலும் பிறந்த ஈ உங்கள் சுவரைத் தேடிப் பறந்து வரும்.

ஆகஸ்ட் நடுவில் பகல் குறைவது நன்றாகத் தெரியத் தொடங்கும். அந்த ஆண்டின் கடைசித் தலைமுறை முட்டையிடும் எண்ணத்தை விட்டு, படுக்க இடம் தேட ஆரம்பிக்கும். பிற்பகல் வெயிலில் சூடேறிய தெற்கு, மேற்குச் சுவர்களில் வந்து அப்பிக்கொள்ளும். செப்டம்பர் மாலைகளில் செங்கல்லில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது இவைதான். வெயில் சாயச் சாய மேலே ஏறி, கூரை விளிம்பு, ஜன்னல் சட்டம், குழாய் நுழையும் துளை என்று கிடைக்கிற இடுக்கில் நுழைந்து சுவர்க் குழிகளிலும் அட்டிக்கிலும் நூற்றுக்கணக்கில் ஒண்டிக்கொள்ளும். உயரமான, நாலாபுறமும் திறந்த இடத்தில் நிற்கும் வீடு இவற்றுக்குப் பிரியமானது.

உறங்கும் ஈ வெப்பம் ஏறினால் விழிக்கும். வெளியே உறைபனியாக இருந்தாலும் வெயிலும் வீட்டுச் சூடும் சேர்ந்து சுவருக்குள் 12, 13 டிகிரியை எட்டிவிட்டால் போதும், வசந்தம் வந்துவிட்டதாக நினைத்து வெளிச்சத்தை நோக்கி நகரும். வெளிச்சமும் சூடும் இருப்பது வீட்டின் உட்புறம். மின்சாரப் பிளக் பெட்டி, சுவரடிச் சட்டத்தின் இடைவெளி, சீலிங் விளக்கின் விளிம்பு வழியாக அறைக்குள் விழும். வெளியே போகத்தான் ஜன்னலை முட்டுகிறது. உங்களைக் கடிக்காது, சமையலறைச் சாப்பாட்டில் முட்டையிடாது. வீட்டு ஈ நோய் பரப்புவது மாதிரி இது பரப்புவதாகத் தெரியவில்லை.

"போன வருஷமும் இதே வீடு, இந்த வருஷமும் இதே வீடு, வழி தெரிந்துவிட்டது போலிருக்கிறது" என்பார்கள். போன பனிக்காலத்து ஈ ஒன்றுகூட இப்போது உயிரோடு இல்லை. அதே ஈ திரும்பி வருவதில்லை. வீடும் அதன் வெயிலும் அதன் இடுக்குகளும் மாறாததால் புதிய ஈக்களும் அங்கேயே வந்து சேர்கின்றன.

பனிக்காலத்தில் செய்யக்கூடியது

வக்யூம்தான். அதைவிட நல்ல கருவி இல்லை. பையுள்ள வக்யூமானால் பையை உடனே எடுத்துக் கட்டி வெளியே போடுங்கள். உள்ளேயே விட்டால் அடுத்த முறை இயக்கும்போது செத்த ஈயின் வாடை அறை முழுக்கப் பரவும், சில ஈக்கள் உயிரோடு குழாய் வழியே திரும்பியும் வரும். பையில்லாத வக்யூமுக்கு ஒரு உத்தி உண்டு. பழைய மெல்லிய ஸ்டாக்கிங் ஒன்றைக் குழாய் வாயில் 20 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, விளிம்பைக் குழாயின் வெளிப்புறம் மடித்து ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். ஈக்கள் அந்தக் காலுறைக்குள் சேரும். மோட்டாரை நிறுத்துவதற்கு முன்பே காலுறையை வெளியே இழுத்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். நிறுத்தியபின் இழுத்தால் பாதி பறந்துவிடும்.

அட்டிக்கில் கூட்டம் அதிகமென்றால் ஒரு சின்னப் பொறி வைக்கலாம். அகலமான பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் 1 தேக்கரண்டி. இரண்டடி உயரத்தில் ஓர் எல்இடி விளக்கு. சுற்றிலும் இருட்டாக இருக்க வேண்டும், வேறு வெளிச்சம் வந்தால் பொறிக்கு மதிப்பில்லை. சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் விழுந்த ஈ மிதக்காமல் மூழ்கிவிடும். சூடேறும் பழைய ஹாலஜன் விளக்கை வெப்பம் தடுக்கும் இன்சுலேஷன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும். அட்டிக்கில் நடக்கும்போது மரச் சட்டங்களின்மேல் மட்டும் கால் வையுங்கள். இடையில் வைத்தால் கால் டிரைவால் என்னும் ஜிப்சம் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழறைக் கூரையில் தொங்கும். 1990க்கு முந்தைய வீட்டில், இன்சுலேஷன் பொடிப் பொடியாக, பழுப்புச் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் கூழாங்கல் போல இருந்தால் அது வெர்மிகுலைட். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதைக் கிளறாமல் இறங்கிவிடுங்கள். ஈ ஒரு தொல்லை, ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்து.

செய்யக் கூடாதது, சுவருக்குள் மருந்தடிப்பது. பலரும் பிளக் பெட்டி இடுக்கில் ஸ்பிரேயைச் செருகி அழுத்துகிறார்கள், சிலர் அறை முழுக்கப் புகையும் ஃபாகர் குண்டை வாங்கி வைக்கிறார்கள். ஃபாகர் புகை சுவர்க் குழிக்குள் போகாது. அறையில் உள்ள சோபா, கட்டில், அடுப்பு எல்லாவற்றிலும் மருந்து படிந்ததுதான் மிச்சம். அதன் வாயு தீப்பற்றக்கூடியது, கேஸ் அடுப்பின் சிறுசுடர் எரிந்துகொண்டிருந்தால் வெடிக்கவும் செய்யும். சரி, மருந்து சுவருக்குள் போய் ஈயெல்லாம் செத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தொல்லையின் இரண்டாம் பாகம் அப்போதுதான் தொடங்கும். காய்ந்த பூச்சியுடலைத் தின்ன லார்டர் வண்டும் கம்பள வண்டும் வரும். சுவருக்குள் தீனி தீர்ந்ததும் அவற்றின் புழுக்கள் அறைக்குள் இறங்கும். கம்பள வண்டின் புழுவுக்குக் கம்பளியும் பட்டும் உணவு, பெட்டியில் மடித்து வைத்த காஞ்சிபுரம் சேலை உட்பட. லார்டர் வண்டுக்குக் கருவாடு மிகவும் பிடிக்கும். ஊரிலிருந்து வந்த மாசிக் கருவாட்டுப் பொட்டலத்தை நிலவறை அலமாரியில் வாய் திறந்தபடி வைத்திருக்கிறவர்கள் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

குளிர்காலத்தில் மற்றொரு வேலையும் உருப்படியாகச் செய்யலாம்: உட்புற இடுக்குகளை அடைப்பது. சுவருக்குள் இருக்கும் ஈ அங்கேயே இருந்து வசந்தத்தில் வந்த வழியே போகட்டும், அறைக்குள் விழாமல் இருந்தால் சரி. இடுக்கைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். காற்றடிக்கும் குளிர்ந்த நாளில் ஜன்னல் கதவுகளை மூடி, குளியலறை விசிறியையும் அடுப்பு மேல் புகைபோக்கி விசிறியையும் ஓடவிடுங்கள். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ், கேஸ் வாட்டர் ஹீட்டர் இரண்டையும் அந்தக் கால் மணி நேரம் நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் புகை உள்ளே இழுபடலாம். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஊதுபத்தியைச் சுவரடிச் சட்டம், ஜன்னல் சட்டம், பிளக் பெட்டி, அட்டிக் மூடி ஓரமாகக் கொண்டுபோங்கள். நேராக எழும் புகை எங்கே திடீரென்று வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. ஈயும் அநேகமாக அந்த வழியில்தான் வரும்.

சட்ட இடுக்குகளுக்கு வெள்ளை அக்ரிலிக் சீலன்ட் போதும், மேலே பெயின்ட் அடிக்கலாம். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. வெளிச்சுவர்ப் பிளக் பெட்டிக்கு, மூடித் தகட்டின் பின்னால் வைக்கும் ஃபோம் கேஸ்கெட் கடையில் கிடைக்கும். முதலில் பிரேக்கரை இறக்கிவிட்டு இரண்டு திருகைக் கழற்றி வைத்து மூடினால் ஐந்து நிமிட வேலை. அட்டிக் மூடியின் நான்கு ஓரத்திலும் ஒட்டும் ஃபோம் பட்டை போடுங்கள். கூரையில் புதைந்த பாட் லைட்டுகளின் மேல் மட்டும் ஃபோமோ பஞ்சோ திணிக்க வேண்டாம். பழைய வகை விளக்குகளுக்குச் சுற்றிலும் காற்று வேண்டும், இல்லையென்றால் சூடு தேங்கும்.

உண்மையான வேலை கோடையில்

ஈ நுழையும் முன் வெளிப்புறத்தை அடைப்பதுதான் தீர்வு. அதற்குக் கெடு ஆகஸ்ட் 15 என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் அடைத்தால் ஈயை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். பனிக்காலத்தில் வெளியே சீலன்ட் ஒட்டவும் ஒட்டாது, பெரும்பாலான வகைகளுக்கு 5 டிகிரிக்கு மேல் வெப்பமும் காய்ந்த பரப்பும் வேண்டும்.

வேலை தொடங்கும் முன் ஒரு மாலை, சூரியன் மறையும் நேரத்தில் அரை மணி வெளியே நின்று கூரை விளிம்பைப் பாருங்கள். வௌவால் வெளியே பறந்தால் அந்தத் துளையைத் தொடாதீர்கள். ஜூன், ஜூலையில் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே இருக்கும். அடைத்தால் செத்து அழுகும், பளபளக்கும் நீல ஈயும் வந்து சேரும். வௌவாலுக்குத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, குட்டிகள் பறக்கத் தொடங்கியபின் ஒருவழி வாயில் வைத்து வெளியேற்ற வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: அங்கே பரணுக்குள் புகைக்குண்டு வைக்கும் பழக்கம் உண்டு, ஆனால் வௌவால்களும் அவற்றின் உறைவிடமும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் முதலே பாதுகாக்கப்பட்டவை.

துளைகளைக் கண்டுபிடிக்க நல்ல வெயில் நாளில் அட்டிக்கில் ஏறி விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரியும் இடமெல்லாம் வாசல். தெற்கிலும் மேற்கிலும், மேல்தளத்திலும் தொடங்குங்கள். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பெரிய மாற்றம் தெரியும். நேரமில்லாதவர் வடக்குச் சுவரை விட்டுவிடலாம்.

6 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள இடுக்குக்குச் சீலன்ட் நேரடியாகப் போகும். அதைவிட அகலமானால் முதலில் ஃபோம் கயிற்றைத் திணித்து மேலே சீலன்ட் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வழிந்து, காய்ந்ததும் நடுவில் பிளக்கும். குழாய், கேபிள் நுழையும் பெரிய துளைகளுக்கு விரியும் ஃபோம். 300 மில்லி டியூப் ஒன்று, 6 மில்லிமீட்டர் தடிமனில் இழுத்தால் ஏறக்குறைய 10 மீட்டர் வரும். 1.2 மீட்டர் சதுர ஜன்னலின் சுற்றளவு 4.8 மீட்டர் என்பதால் டியூப் ஒன்றுக்கு இரண்டு ஜன்னல் என்று கணக்கிட்டு வாங்குங்கள். பழைய சீலன்டைச் சுரண்டி, தூசி துடைத்து, காயவிட்ட பிறகே புதிதை இழுக்க வேண்டும். பழசின் மேலேயே இழுத்தது ஒரு பனிக்காலத்தில் பட்டையாக உரிந்து வரும்.

அடைக்கக் கூடாத துளைகளும் உண்டு, கைபழகாதவர்கள் தவறுவது இங்கேதான். கூரைக்கும் அதன் விளிம்பு அடிப்பலகைக்கும் காற்றுத் துளைகள் வேண்டும். அவற்றைச் சீலன்டால் மூடினால் அட்டிக்கில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். அங்கே கொசுவலைத் துளை அளவுள்ள உலோக வலை போடுங்கள், பிளாஸ்டிக் வலையை அணில் கடித்துவிடும். செங்கல் சுவரின் அடி வரிசையில் இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து பூசாமல் விட்ட இடைவெளி ஈரம் வடிவதற்காக விட்டது. அதற்கென்று விற்கும் வலைச் செருகியை வைக்கலாம், சீலன்ட் வைக்கக் கூடாது. துணி உலர்த்தியின் குழாய் வாயில் வலையே வேண்டாம், பஞ்சு சேர்ந்து தீப்பிடிக்கும். அங்கே மூடித் தகடு சரியாக விழுந்து மூடுகிறதா என்று பார்த்தால் போதும். ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் புகைக்குழாய்களின் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கூட்டம் வருகிற வீட்டுக்கு, உரிமம் பெற்ற பூச்சி மருந்துக்காரரைக் கொண்டு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தில் தெற்கு மேற்குச் சுவர்களின் மேற்பகுதியிலும் கூரை விளிம்பின் அடியிலும் பைரித்ராய்டு வகை மருந்தடிக்கலாம். முன்கூட்டியே அடித்தால் வெயிலில் வீரியம் போகும், பின்னால் அடித்தால் ஈ ஏற்கெனவே உள்ளே. நீங்களே கடையில் வாங்குவதானால் கனடாவில் லேபிளில் பிசிபி (PCP) என்ற பூச்சிமருந்துப் பதிவு எண் இருக்கிறதா, வெளிச்சுவருக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வகை மருந்துகள் மீனுக்கு விஷம், அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைக்கும் விஷம். மழைநீர் வடிகாலில் கழுவி ஊற்றக் கூடாது.

வாடகை வீட்டிலோ காண்டோ என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இருப்பவருக்கு வெளிச்சுவர் கையில் இல்லை. இறந்த ஈ இரண்டை ஒட்டும் டேப்பில் ஒட்டி, எந்த ஜன்னல், எந்தத் தேதி, எத்தனை என்று இரண்டு வாரக் குறிப்போடு நிர்வாகத்திடம் ஜூனிலேயே கொடுங்கள். ஜனவரியில் புகார் சொன்னால் ஆளை அனுப்பி அறைக்குள் மருந்தடித்துவிட்டுப் போவார்கள், அதனால் பயனில்லை.

மார்ச் கடைசி, ஏப்ரலில் 15 டிகிரியைத் தொடும் வெயில் நாட்கள் வரும். ஈக்கள் மொத்தமாக ஜன்னலுக்கு வருவது அப்போதுதான், பனிக்காலத்தைவிடக் கூடுதலாகவே வரும், புதிதாகப் பெருகிவிட்டதோ என்று பயந்துவிடாதீர்கள். மாடித் தெற்கு ஜன்னல் ஒன்றின் வலையைக் கழற்றி, மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணாடியைத் திறந்து வையுங்கள். அறை விளக்கை அணைத்து, மற்ற ஜன்னல் திரைகளை இழுத்து மூடினால் ஈக்கெல்லாம் அந்த ஒரு வெளிச்சம்தான் தெரியும், தாமாகவே பறந்து போய்விடும். வலையைத் திரும்ப மாட்டும்போது அதன் ஓரப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் அதையும் ஆகஸ்ட் 15க்கு முந்தைய வேலைகளில் சேர்த்துக்கொள்ளலாம்.